சேர்மன் வீட்டு வயர்

லாடிமேஜியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "வேலை தெரிஞ்ச ஆளுதான், ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன என்று நான் சொல்கிறேன். மற்றவர்கள் சொன்னால் பாதி புளுகு கலந்திருக்கும். நான் மீன் விற்கிறவள். நாறுவதை நாறுகிறது என்றே சொல்லிப் பழகியவள். குறைந்தபட்சம் அப்படித்தான் என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயர் ஊருக்கு இயா டுன்னி, அதாவது டுன்னியின் அம்மா. இபாடனில் ஒலூகுண்டே தெருவின் கடைக்கோடியில், வடிகால் பக்கத்தில், கரண்டில் ஓடும் ஒரு பெரிய ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு பதினேழு வருஷமாக உறைமீன் வியாபாரம்.

லாடிமேஜி எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்தாறு. ஒக்போமோஷோவிலிருந்து வந்தவன், தொழிற்பள்ளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். மற்ற எலெக்ட்ரீஷியன்கள் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். இவன் வயரைக் கவ்விப் பார்க்கும் மீட்டரைத் தொங்கவிட்டிருப்பான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். ஒரு மிஷினைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "என்ன ஆச்சு?" என்று கேட்கமாட்டான். வோல்ட் பார்ப்பான், ஆம்பியர் பார்ப்பான். வகுத்தால் ஒரு எண், பெருக்கினால் ஒரு எண். இரண்டையும் சுவரில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் மனுஷன் முகத்தையே பார்ப்பான்.

இது எவ்வளவு எரிச்சலான பழக்கம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒருமுறை புதுக் கெட்டில் ஒன்று வாங்கி, பெருமையாக அவனிடம் காட்டினேன். பிளக் மட்டும் மாற்றித் தரவேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, இதுல மூவாயிரம் வாட்னு போட்டிருக்கு" என்றான்.

"ஆமாப்பா, பார்த்துத்தானே வாங்கினேன்."

மாட்டினான், கவ்வினான். "இருநூத்தி இருபது வோல்ட். நாலு புள்ளி நாலு ஆம்பியர். பெருக்கினா தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு வாட்."

"அப்போ மீதி ரெண்டாயிரம் எங்கடா?"

"அட்டைப்பெட்டில இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் கெட்டிலால் அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன். அவனோ பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான். "இருநூத்தி இருபதை நாலு புள்ளி நாலால வகுங்க, ஐம்பது ஓம். உள்ள இருக்கிற கம்பியோட பிடிவாதம் அது, மாறாது. நம்ம தெருவுல சாயங்காலம் வோல்ட் நூத்தைம்பதுக்கு இறங்குதுல்ல? அப்போ மூணு ஆம்பியர்தான் போகும். நூத்தைம்பதை மூணால பெருக்கினா நானூத்தைம்பது வாட். வோல்ட் குறைஞ்சது மூணுல ஒரு பங்கு, சூடு பாதிக்கு மேல போயிடுச்சு. காலையில ஒரு கொதி, சாயங்காலம் அரைக் கொதி. கெட்டில் மேல தப்பில்ல அக்கா."

இப்படிப் பேசுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முதல் சம்பந்தம் பேசப் போன இடத்தில், மாமனாராக வரவேண்டியவர் தன் புது ஏசியைக் காட்டி "ரெண்டு குதிரை சக்தி" என்றிருக்கிறார். இவன் சும்மா இருந்தானா? மீட்டரை எடுத்து, "ஒண்ணுதான் ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தான். அந்தப் பெண்ணுக்கு இப்போது நாலு பிள்ளைகள், வேறு ஒருவனுக்கு. பிறகு முப்பத்தெட்டு வயதில், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் ரோன்கே இவனைக் கட்டிக்கொண்டாள். அவளும் நாள் முழுக்க எண் பார்த்து எழுதுகிறவள், அதனால் பொருந்திப்போயிற்று.

அவனுக்கு நேர் எதிர், எங்கள் தெருவின் இன்னொரு எலெக்ட்ரீஷியன் முடாஷிரு. தன்னை "இஞ்சினியர்" என்று சொல்லிக்கொள்வான், மீட்டரே கிடையாது. வயரை நாக்கால் தொட்டுப் பார்ப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. அவன் பேசுகிற பேச்சைக் கேட்டால் இருக்கலாம் என்றுதான் தோன்றும். எதைக் கொண்டுபோனாலும் ஒரு மருந்துதான் அவனிடம்: "ஃபேஸ் மாத்திப் போட்டுடலாம்." கூட்டம் அங்கேதான்.

ஃபேஸ் மாற்றுவது எங்கள் ஊரில் சட்டை மாற்றுவது மாதிரி. கம்பத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வயர் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசல் சுவரிலும் மூன்றுக்கும் மூன்று ஃபியூஸ் குழி. ஃபியூஸ் கட்டையை எந்தக் குழியில் சொருகுகிறோமோ அந்த வயரில் வீடு ஓடும். ஒரு வயரில் விளக்கு மங்கினால் கட்டையைப் பிடுங்கி அடுத்த குழியில் சொருகவேண்டியதுதான். கரண்டு ஆபீஸ்காரர்கள் வேண்டாம் என்பார்கள். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் நாங்கள் நாலு முறை மாற்றியிருப்போம்.

எந்த வயர் நல்ல வயர்? அதற்கு எங்கள் தெருவில் ஒரே அளவுகோல்தான் உண்டு: சேர்மன் வீடு எந்த வயரில் இருக்கிறதோ அது. வீட்டுக்காரர் சங்கத்துச் சேர்மன் லபின்ஜோவின் மாடிவீடு தெருவின் தலைமாட்டில், டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. தெரு முழுக்க விளக்குகள் பழுத்த பப்பாளி நிறத்தில் எரியும்போது அவர் வீடு மட்டும் பளீரென்று இருக்கும். அவர் சிவப்பில் இருந்தார், தெருவே சிவப்பில் இருந்தது. சுமை தாங்காமல் சிவப்பு வயரின் ஃபியூஸ் வாரத்துக்கு மூன்று முறை வெடித்தது. அவர் மஞ்சளுக்கு மாறினார். வாட்ச்மேன் வெளியே வந்து சேதியைச் சொல்லி முடிப்பதற்குள் இருபத்தாறு வீடும் மஞ்சளுக்கு மாறிவிட்டது. நானும்தான். நான் என்ன, வானத்திலிருந்தா குதித்தேன்?

லாடிமேஜி வாய் வலிக்கச் சொன்னான். "அவர் வீடு டிரான்ஸ்ஃபார்மர் காலடியில இருக்கு. அவருக்கு எந்த வயர் போட்டாலும் நல்லாத்தான் எரியும். அது தூரத்தோட கணக்கு, வயரோட ராசி இல்ல." யார் கேட்டார்கள்? நீலத்துக்கு ஏழை வயர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதில் ஒருவர்கூட இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சேர்மனுக்குச் சீஃப் பட்டம் சூட்டும் விழா, அந்த வாரச் சனிக்கிழமை. அதற்கு மீன் முழுக்க என்னிடம். நாற்பது பெட்டி டைட்டஸ் மீன், என் கைமுதல் மொத்தமும் அதற்குள். திங்கட்கிழமை காலை மூடியைத் திறந்தேன். மேல் வரிசை மீன் விரலால் அழுத்தினால் குழிகிறது. பெட்டியின் மோட்டார் முக்குகிறது, முனகுகிறது, ஓடமாட்டேன் என்கிறது. முடாஷிருவைத்தான் முதலில் கூப்பிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "மஞ்சள்லதானே இருக்கீங்க? அப்புறம் என்ன? பெரிய ஸ்டெபிலைசர் வாங்குங்க" என்றான்.

பிறகுதான் லாடிமேஜி வந்தான். என் வாசலில் மீட்டரை வைத்தான், நூற்றைம்பத்தேழு வோல்ட். ரோன்கேயை என் வாசலில் இன்னொரு மீட்டரோடு நிறுத்திவிட்டு, தெருவின் தலைமாட்டுக்குப் போய் மஞ்சள் வயரைக் கவ்வினான். திரும்பி வந்து என் கடைச் சுவரில் எழுத ஆரம்பித்தான்.

"அங்க கிளம்பும்போது இருநூத்தி இருபது. இங்க வரும்போது நூத்தைம்பத்தேழு. வழியில தொலைஞ்சது அறுபத்து மூணு வோல்ட். வயர்ல ஓடுறது நூத்தி அஞ்சு ஆம்பியர். அறுபத்து மூணை நூத்தி அஞ்சால வகுத்தா புள்ளி ஆறு ஓம். அது வயரோட தடை. பெருக்கினா..." எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். "ஆறாயிரத்து அறுநூத்திச் சொச்சம் வாட் அக்கா. ஆறு இஸ்திரிப்பெட்டிக்கு மேல, நாள் பூரா கம்பத்துல சூடேறிட்டு இருக்கு. ஒருத்தர் சட்டையும் தேய்க்கல."

"ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்றானே அந்த முடாஷிரு?"

"வாங்குங்க. அது உங்க வோல்ட்ட ஏத்த, வயர்லேர்ந்து இன்னும் ஆம்பியர் உறிஞ்சும். ஆம்பியர் ஏறினா வழியில தொலையிற வோல்ட்டும் ஏறும். பக்கத்து வீட்டுல இன்னும் மங்கும், அவங்க உங்களைவிடப் பெரிசா ஒண்ணு வாங்குவாங்க. அப்புறம் நீங்க."

"சரி, என்னை நீலத்துல போட்டுடேன்!"

போட்டான். இருநூற்றுப் பன்னிரண்டு வோல்ட்! பெட்டி சந்தோஷமாக ஓடிற்று. ஒரு மணி நேரம் இருக்குமா? என் கடை விளக்கு பளிச்சென்று எரிவதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "இயா டுன்னிக்கு யாரோ ரகசியம் சொல்லியிருக்காங்க, சேர்மன் நீலத்துக்குப் போறாராம்" என்று அவளே ஒரு சேதி கட்டிவிட்டாள். மத்தியானத்துக்குள் தெருவே நீலத்தில். என் மோட்டார் பழையபடி முனக ஆரம்பித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"மூணு வயர்லயும் சமமாப் பிரிஞ்சா வயருக்கு முப்பத்தஞ்சு ஆம்பியர்தான்" என்றான் லாடிமேஜி. "அதைப் புள்ளி ஆறால பெருக்கினா தொலையிறது வெறும் இருபத்தோரு வோல்ட். உங்க வாசல்ல நூத்தித் தொண்ணூத்தொன்பது இருக்கும். மீன் கல்லா இருக்கும். ஆனா நீலத்துல நிரந்தரமா இருங்கன்னு சொன்னா யாரு இருப்பா?"

"யாரும் இருக்கமாட்டாங்க. சேர்மன் இருந்தாத்தான் இருப்பாங்க."

சொல்லிவிட்டு நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். சேர்மனை மூன்றாக வெட்ட முடியாது. அவர் வீட்டை வெட்டலாமே!

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். லாடிமேஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, உங்க வீட்டுச் சுமையை மூணு ஃபேஸ்லயும் பகிர்ந்தா..." என்று ஆரம்பித்தான். சேர்மன் கொட்டாவி விட்டார். நான் அவனை முழங்கையால் இடித்து ஓரம் தள்ளினேன்.

"சேர்மன், பட்டம் வாங்கப்போறவரு நீங்க. ஊர்ல எல்லாருக்கும் ஒரு வயர். உங்களுக்கும் ஒரே வயரா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

கொட்டாவி பாதியில் நின்றது. "அதானே!" என்றார்.

அன்று பகலிலேயே வேலை முடிந்தது. கூடம் சிவப்பில், படுக்கையறைகள் மஞ்சளில், சமையலறையும் பின்கட்டும் நீலத்தில். வாசல் சுவரில் மூன்று குழியிலும் மூன்று கட்டை. லாடிமேஜி ஆம்பியர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "இதுவும் சேர்மன் வயர்தான், போய்ப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிக் கட்டைகளைப் பிரித்துப் போட்டான். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். உண்மைதான். நீலத்தில் விழுந்த எட்டு வீட்டுக்காரர்கள்கூட முணுமுணுக்கவில்லை. சேர்மனின் சமையலறையோடு சம்பந்தம் என்றால் சும்மாவா? அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது.

புதன்கிழமை என் வாசலில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு வோல்ட். "ஒண்ணு எங்கயோ தப்பிடுச்சு" என்று லாடிமேஜி வருத்தப்பட்டான். வெள்ளிக்கிழமை மீனை வெட்ட எனக்குக் கோடாலி வேண்டியிருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்டா" என்றேன்.

மறக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை.

விழாவைப் பற்றி என்ன சொல்ல! சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே துணியில், ஒரே தலைக்கட்டில். மத்தளக்காரன் சேர்மனின் தாத்தாவுக்குத் தாத்தாவிலிருந்து ஆரம்பித்துப் புகழ்ந்து, கடைசியில் "மூன்று வயர் கட்டி ஆண்டவரே" என்று அடித்து முழக்கினான். சேர்மன் அவன் நெற்றியில் பரிசுப் பணமாக ஒரு நோட்டை ஒட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த வாரம் தெருவுல வெளிச்சம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு!"

"யாரால?"

"உங்களால!"

"நான் மூணு வயரையும் எடுத்து ஆளுக்குப் பங்கு போட்டேன்" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல். அதோடு விட்டாரா? முடாஷிருவை மேடைக்குக் கூப்பிட்டு, மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைத் தலையில் மாட்டி, இனிமேல் இவர்தான் தெருவின் இஞ்சினியர் என்று அறிவித்தார். லாடிமேஜி பந்தல் ஓரத்தில் ஸ்பீக்கர் வயரைக் கவ்விப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்தே விட்டேன். அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேர்மன் பெண்டாட்டி என் காதில் சொன்னாள்: "அடுத்த மாசம் மாமியார் நினைவு விருந்து. ஐம்பது பெட்டி. உனக்கே தர்றேன்."

சேர்மன் நான் எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். "இதோ, இயா டுன்னி எழுந்துட்டா! நீயே சொல்லு. உன் மீனைக் காப்பாத்தினது யாரு வெளிச்சம்?"

இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். லாடிமேஜியும் பார்த்தான்.

"உங்க வெளிச்சம்தான் சேர்மன்" என்றேன்.

கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து லாடிமேஜி என் பக்கம் வந்து, "தட்டுல மீன் நல்லா இருந்துச்சா அக்கா?" என்று கேட்டான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. "நல்லா இருந்துச்சு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். அந்த மாதம் அவனுக்குத் தெருவில் ஒரு வேலையும் இல்லை. வோல்ட் ஒழுங்காக இருந்தால் எது எரியும், எது புகையும்? வாரத்துக்கு மூன்று எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்தவன், வேலை தேடி பஸ் ஏறி அடுத்த பேட்டைக்குப் போய்வந்தான். அவன் கண்ணில் படாமலிருக்க நான் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

நினைவு விருந்துக்கு ஐம்பது பெட்டி மீன் வந்து இறங்கியது. இறங்கிய மறுநாளே டுன்னிக்குப் பிரசவம் என்று அபெயோகுட்டாவிலிருந்து போன். பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனேன், பேத்தியைப் பார்த்தேன், நாலாம் நாள் திரும்பினேன். தெருமுனையில் இறங்கியதுமே வாடை. யாரோ எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். எலியா அது! ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ஐம்பது பெட்டி மீனும் அழுகிக் கூழாகிக் கிடந்தது.

நடந்தது இதுதான். ஹெல்மெட் போட்டவன் ஏதாவது செய்தாகவேண்டும் அல்லவா? முடாஷிரு சேர்மனிடம் போய், "ஐயா, பட்டம் வாங்கின ஒரு சீஃபோட வீடு மூணு துண்டாக் கிடக்கலாமா? மூணு வயர்லயும் தெருவுல கண்டவனும் இருக்கான். உங்களுக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றிருக்கிறான். சேர்மனுக்குத் தூக்கிவாரிப்போட்டுவிட்டது. வீடு முழுக்க மஞ்சளுக்குப் போயிற்று. மாலைக்குள் இருபத்தாறு வீடும் மஞ்சளில். எதற்காகப் பிரித்தோம் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. லாடிமேஜியை விட்டால் தெரிந்தவள் ஒருத்தி. அவள்தான் எழுந்து நின்று வேறு ஒன்றைச் சொன்னாளே. பிரித்தபோது லாடிமேஜி என் கடையையும் மஞ்சளில்தான் போட்டிருந்தான்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை. மஞ்சளில் நூற்றைம்பத்தைந்து. என் கட்டையைப் பிடுங்கிச் சிவப்பில் சொருகினான். அந்த வயரில் இப்போது என்னைத் தவிர ஆளே இல்லை. இருநூற்றுப் பதினெட்டு!

"ஓடுமாடா?" என்றேன்.

அவன் பெட்டியின் வயரைக் கவ்வினான். மீட்டரை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினான். மோட்டார் மூன்று நாள் முக்கி முக்கிச் சூடேறி, உள்ளே சுருள் எரிந்து அறுந்துபோயிருந்தது.

"வோல்ட் இருநூத்திப் பதினெட்டு அக்கா. ஆம்பியர் பூஜ்ஜியம். நீங்களே பெருக்கிக்கோங்க."

அன்றைக்கே தெருவில் இறங்கி, வீடு வீடாக நின்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெளிச்சம் யாருடையது, கணக்கு யாருடையது, பந்தலில் நான் சொன்னது பச்சைப் பொய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்கள். கடைசி வீட்டுக்காரி என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் விடு அக்கா, நீ சிவப்புக்கு மாறிட்டியாமே? சேர்மன் அங்க வர்றாரா?" என்று கேட்டாள்.